நிலாவுக்குப் போனது நிஜமா, ‘செட்’டா? கொடி அசைந்த மர்மம் என்ன?

2002-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். அமெரிக்காவின் பெவர்லி ஹில்ஸ் நகரில், ஓட்டல் வாசலில் 72 வயது பெரியவரை வழிமறித்தார் ஒரு படத் தயாரிப்பாளர். “நிலாவுக்குப் போனதாக பைபிள் மேல் சத்தியம் பண்ணத் தயாரா?” என்று கேமராவோடு நச்சரித்தார். கோழை, பொய்யர் என்றும் திட்டினார்.

பெரியவர் விட்டார் பாருங்கள், முகத்தில் ஒரு குத்து!

குத்தியவர் ஆல்ட்ரின். 1969 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு அடுத்து நிலாவில் கால் வைத்தவர். அவர் மீது வழக்கு எதுவும் போடப்படவில்லை.

கிளப்பியது யார்?

ராக்கெட் என்ஜின் கம்பெனியில் வேலை பார்த்த பில் கேசிங் என்பவர், 1976-ல் ‘நிலாவுக்கு யாரும் போகவில்லை’ என்று புத்தகம் போட்டார். 2001-ல் அமெரிக்க டி.வி. ஒன்று இதை நிகழ்ச்சியாக்கியது. வதந்தி உலகம் பூராவும் பரவியது.

கொடி அசைந்தது எப்படி?

‘நிலாவில் காற்றே கிடையாது. கொடி எப்படி பறக்கும்?’ இதுதான் அவர்களின் முதல் கேள்வி.

கொடி பறக்கவில்லை. தொங்கிவிடக்கூடாது என்று அதன் மேல்பக்கம் குறுக்குக் கம்பி கோர்த்திருந்தார்கள். கம்பத்தை நடும்போது ஆட்டியதால் துணியும் ஆடியது. தடுக்க காற்று இல்லாததால் ஆட்டம் நிற்க நேரம் பிடித்தது. அவ்வளவுதான் விஷயம்.

நட்சத்திரம் எங்கே?

படம் எடுத்தது அங்கே பகல் நேரத்தில். வெயிலில் தரை பளபளவென்று இருந்தது. அதற்கேற்ப கேமராவை வைத்தால் மங்கலான நட்சத்திரம் விழாது. ராத்திரி டியூப்லைட் கீழே நிற்பவரை படம் எடுத்துப் பாருங்கள், வானம் கறுப்பாகத்தான் இருக்கும்.

என்ன ஆதாரம்?

1972 வரை 6 முறை போய், 12 பேர் நிலாவில் நடந்தார்கள். 382 கிலோ கல், மண் கொண்டுவந்தார்கள். பல நாட்டு விஞ்ஞானிகள் அதை சோதித்துவிட்டனர். அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடிகள், பூமியில் இருந்து அடிக்கும் லேசர் ஒளியை இன்றும் திருப்பி அனுப்புகின்றன. 2009-ல் போன அமெரிக்க விண்கலம், இறங்கிய இடங்களையும் வீரர்கள் நடந்த தடத்தையும் படம் பிடித்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக ரஷியா! நிலாவுக்கு முதலில் ஆள் அனுப்ப மல்லுக்கட்டிய நாடு அது. பொய்யாக இருந்தால் சும்மா விட்டிருக்குமா?

3 உயிர்கள்

கேள்வி கேட்பது தப்பில்லை. ஆனால் இந்தத் திட்டத்தில் உழைத்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். 1967 ஜனவரியில் அப்பல்லோ-1 பயிற்சியின்போது தீப்பிடித்து, கதவைத் திறக்க முடியாமல் கிரிசம், ஒயிட், சாபி ஆகிய 3 வீரர்கள் பலியானார்கள்.

அவர்கள் நினைவாக அப்பல்லோ-1 சின்னத்தை எடுத்துப் போய் நிலா மண்ணில் போட்டுவிட்டு வந்தவர் ஆல்ட்ரின். அவரைத்தான் பொய்யர் என்றார்கள்.