சோடியம் சும்மா கொடுப்பதில்லை

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்ததும், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வேதியியல் புத்தகத்தோடு என்னிடம் வருவதுண்டு. நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற டிப்ளமோ எஞ்சினியர். வேதியியல் வாத்தியார் அல்ல. ஆனாலும் "தாத்தா" என்று கூப்பிட்டுக் கேட்டால் தட்ட முடிகிறதா? சென்ற மாதம் ஒரு பெண் கேட்டாள்: "சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க ஆசைப்படும் என்று கோச்சிங்கில் சொல்கிறார்கள். ஆசைப்பட்டுக் கொடுப்பதற்கு எதற்கு 496 கிலோ ஜூல் செலவு?"

நியாயமான கேள்வி. ஆசை என்பதெல்லாம் மனப்பாடத்துக்குக் கட்டிய கதை. எந்த அணுவும் எலக்ட்ரானைத் தானாக உதறுவதில்லை. இழுத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவுதான் அயனியாக்கும் ஆற்றல். ஒரு மோல் அளவுக்கு லித்தியத்தில் 520 கிலோ ஜூல், சோடியத்தில் 496, பொட்டாசியத்தில் 419, ருபீடியத்தில் 403, சீசியத்தில் 376. கீழே போகப் போகக் குறைகிறது.

காரணத்தை மும்பை லோக்கல் வண்டியில் காணலாம். உள்ளே கூட்டம் நெருக்க, ஒருவர் மட்டும் வாசற்படியில் தொங்குகிறார். கார உலோகங்களின் கடைசி எலக்ட்ரான் அவர்தான். அணு பெரிதாக ஆக அவர் மையத்திலிருந்து தள்ளிப் போகிறார். நடுவில் நிற்கும் கூட்டமும் மையத்தின் இழுப்பை மறைக்கிறது. அவரை இறக்குவது சுலபம். அடுத்த ஆளோ உள்ளே தாளிட்ட கூபேயில் இருக்கிறார்: சோடியத்தின் இரண்டாவது எலக்ட்ரானை எடுக்க 4562 கிலோ ஜூல்! சோடியம் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது அதனால்தான். (சீசியத்தின் தாராளம் பழைய சினிமாக் கொட்டகைக்கும் உதவியது. பிலிம் ஓரத்து ஒலித்தடத்தைப் படித்த ஒளிமின்கலத்தில் பூசியிருந்தது சீசியம். வெளிச்சம் பட்டாலே எலக்ட்ரானை விட்டுவிடும்.)

சரி, செலவை யார் கட்டுகிறார்கள்? சாப்பாட்டு உப்பையே எடுத்துக்கொண்டு எஸ்டிமேட் போடுவோம். திடச் சோடியத்தை ஆவியாக்க 107, குளோரினைத் தனி அணுவாகப் பிரிக்க 121, எலக்ட்ரானை எடுக்க 496. மொத்தச் செலவு 724. குளோரின் அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349 மட்டுமே. இன்னும் 375 துண்டு விழுகிறது! பிறகு நேர்மின், எதிர்மின் அயனிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து படிகமாகும்போது 787 வரவு. கடன் தீர்ந்து 412 மிச்சம். ஆக, உப்பை உண்டாக்கியது சோடியத்தின் தாராள மனசு அல்ல, படிகத்தின் கட்டுமானம்.

இது புரிந்தால் தேர்வில் பிள்ளைகளை இடறவைக்கும் லித்தியமும் புரியும். இந்தக் கூட்டத்தில் எலக்ட்ரானை விடுவதில் பெரிய கஞ்சன் அதுதான். ஆனால் தண்ணீரில் அதன் மின்முனை அழுத்தம் −3.04 வோல்ட், சோடியத்துக்கு −2.71தான். கஞ்சன் எப்படி முந்தினான்? லித்தியம் அயனி மிகச் சிறியது. தண்ணீர் மூலக்கூறுகள் அதை நெருங்கி இறுகச் சூழ்ந்துகொள்கின்றன. அதில் வெளிப்படும் ஆற்றல் முன்செலவை ஈடுகட்டிவிடுகிறது.

கார் சாவியிலும் ரிமோட்டிலும் இருக்கும் காசு வடிவ லித்தியம் பேட்டரிக்குள் தண்ணீர் கிடையாது, வேறு கரைப்பான். ஆனாலும் கணக்கு இதே மாதிரிதான்; சாதாரண செல் 1.5 வோல்ட் தரும் இடத்தில் இது 3 வோல்ட் தருகிறது. பேரக்குழந்தைகள் தவழும் வீட்டில் இதைக் கவனியுங்கள். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், அந்த மின்னழுத்தம் ஈரத்தில் காரத்தை உண்டாக்கி, 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள்.