பழவேற்காடு ஏரி: தென்கரைக்குப் போவதா, வடகரைக்குப் போவதா?

ஏரி ஒன்றுதான். ஆனால் சொந்தக்காரர்கள் இருவர்! தென்கரை தமிழ்நாட்டுக்கு, வடகரை ஆந்திராவுக்கு. அதுதான் பழவேற்காடு ஏரி.

கிருஷ்ணன்கோவிலில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். லீவுக்கு இந்த ஏரியைப் பார்க்கப் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ராக்கெட் விடுகிற பக்கம் போகலாம்" என்கிறான் பையன். "கோவில் இருக்கிற பக்கம் போகலாம்" என்கிறார் பாட்டி. கையில் இருப்பதோ ஒரே ஒரு நாள். யார் சொல்வதைக் கேட்பது?

உப்பும் நன்னீரும்

கண்மாய் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏரி ஓர் அதிசயம். கண்மாயில் மழைத் தண்ணீர் மட்டும்தான் நிற்கும். இங்கே ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாக வங்கக் கடலும் உள்ளே வருகிறது. இரண்டும் கலந்து உவர்நீர் ஆகிவிடுகிறது. மழைக் காலத்தில் உப்பு குறையும். கோடையில் கூடும்.

ஏரியின் நீளம் சுமார் 60 கிலோ மீட்டர். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுவே. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு.

முன்பு இரு கரைகளும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தன. 1953-ல் ஆந்திரா பிரிந்தது. ஏரியின் பெரும் பகுதி அந்தப் பக்கம் போயிற்று.

தென்கரையில் என்ன உண்டு?

தென்கரையில் இருப்பது பழவேற்காடு ஊர். திருவள்ளூர் மாவட்டம். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைமை இடமாக இருந்தது. இங்கிருந்து கப்பல் கப்பலாகத் துணி போயிற்று. மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'பலேக்காட்' என்றுதான் பெயர். எல்லாம் இந்த ஊரின் பெயர்தான்!

கோட்டை இன்று வெறும் மேடும் புதரும். ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டம் அப்படியே இருக்கிறது. அதன் வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன! பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். பாட்டிக்கு ஆதிநாராயணப் பெருமாள் கோவில் உண்டு. செம்புறைக் கல்லால் கட்டிய கோவில். ராமாயணக் காட்சிகளைச் சிறிது சிறிதாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

வடகரையில் என்ன உண்டு?

வடகரைக்கு வாசல் சூலூர்ப்பேட்டை. அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் ரோடு ஏரியின் நடுவே ஓடுகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர்! மழைக்குப் பின் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும். ஆழம் குறைந்த நீரில் நீண்ட காலை ஊன்றி, தலையைக் கவிழ்த்து இரை தேடும். அந்த இரைதான் அதன் சிறகுக்கு இளஞ்சிவப்பு நிறம் தருகிறது. சூலூர்ப்பேட்டையில் இருந்து சுமார் 20 கிலோ மீட்டரில் நேலப்பட்டு. அங்கே கூழைக்கடாக்கள் மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

ராக்கெட்? 1971 முதல் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிறார்கள். நினைத்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்த்துவிட முடியாது. பொதுமக்கள் பார்ப்பதற்கென்று 2019-ல் காலரி திறந்தார்கள். அதற்கும் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும்.

எந்த லீவு?

கரையைத் தீர்மானிப்பது பையனும் அல்ல, பாட்டியும் அல்ல. காலண்டர்தான்!

அரையாண்டு லீவு என்றால் வடகரை. அக்டோபர் முதல் மார்ச் வரை பறவைக் காலம். கோடை லீவு என்றால் தென்கரை. மே மாதத்தில் வட பகுதியில் நீர் வற்றி, தரை வெடித்துக் கிடக்கும். நீர் இல்லாத இடத்தில் நாரைக்கு என்ன வேலை? கல்லறையும் கோவிலும் எந்த மாதத்திலும் இருக்கும். ஆனால் வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலையில் சென்னை. சென்ட்ரல் பக்கத்தில் கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலைப் பிடித்து, பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்கு பஸ் உண்டு. வடகரைக்கு என்றால் அதே ரயில் பாதையில் இன்னும் வடக்கே போய் சூலூர்ப்பேட்டையில் இறங்க வேண்டும்.

படகு வேண்டாம்

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறை. பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகு ஏறியவர்கள் கரை திரும்பவில்லை. படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குழந்தைகளும் அதில் அடக்கம். அதன் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது.

ஏரி அமைதியாகத்தான் தெரியும். முகத்துவாரத்தில் கடலும் ஏரியும் மோதும் இழுப்பு கண்ணுக்குத் தெரியாது. அந்தப் படகு மீனவனுக்குப் பிழைப்பு. நீரின் போக்கு அவனுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. "வாங்க, ஒரு சுற்று போய் வரலாம்" என்று யாராவது அழைத்தால், "வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் சிணுங்கினால் சிணுங்கட்டும்.

இந்த லீவுக்கு ஒரு கரை. அடுத்த லீவுக்கு மறு கரை. ஏரி எங்கும் ஓடிவிடாது. போன ஐந்து பேரும் ஐந்து பேராகவே ஊர் திரும்பினால், அதுதான் நல்ல லீவு!