முதல் வாரம் மருந்து, பிறகு மூச்சு

கார்த்திகை பிறந்தால் மாலை போட்டுக்கொண்டு ஒரே நாளில் குடியை நிறுத்துகிறவர்கள் சேலம், நாமக்கல் பக்கம் ஏராளம். நல்ல எண்ணம்தான். ஆனால் வருடக்கணக்கில் தினமும் குடித்துப் பழகிய உடம்பு அதைத் தாங்குவதில்லை. மறுநாளே கை நடுங்கும், வியர்க்கும். சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குச் சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பிதற்றல் ஆரம்பிக்கும். வீட்டார் பயந்து மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். மனநல மருத்துவர்களான எங்களிடம் வரும்போது நினைவு தப்பியிருக்கும்.

இப்போது இதில் யோகா வகுப்பும் சேர்ந்துகொண்டது. “மூச்சுப்பயிற்சியிலேயே சரியாயிடும்னு சொன்னாங்க சார், அதான் ஆஸ்பத்திரிக்கு வரல” என்கிறார்கள். மருந்தோடு சேர்த்து யோகாவை நானே எழுதிக்கொடுக்கிறவன். அதனால்தான் இதைக் கேட்கும்போது வயிறு எரிகிறது.

எங்கே உதவுகிறது

பெங்களூரு நிமான்ஸ் மருத்துவர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குடிக்கு அடிமையான 60 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு இரண்டு வாரம் சுதர்சன் கிரியா என்னும் மூச்சுப்பயிற்சி தந்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு மனச்சோர்வும், மன அழுத்தத்தில் ஏறும் கார்டிசோல் ஹார்மோனும் மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்தன. ஆனால் அந்தப் பயிற்சி தொடங்கியதே, ஒரு வாரம் மருத்துவமனையில் குடியை நிறுத்தும் சிகிச்சை முடிந்த பிறகுதான். யோகாவைப் புகழ்கிறவர்கள் இந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள்.

என் நோயாளிகளிடம் நான் காணும் முதல் பலன் தூக்கம். நாலைந்து மாதம் வடக்கே போர்வெல் போட்டுவிட்டுத் திரும்பும் திருச்செங்கோட்டு ரிக் ஆட்கள், ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் பள்ளிபாளையம் தறிக்காரர்கள், லாரி ஓட்டுநர்கள் எல்லாரும் ‘குடிக்காட்டி தூக்கம் வராது’ என்பவர்கள்தான். படுக்குமுன் யோக நித்திரை செய்யப் பழகியதும் பலருக்கு அந்தச் சாக்கு போய்விடுகிறது. அடுத்தது, சாயங்காலம் வரும் அந்தத் தவிப்பு. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அது தானாக இறங்கிவிடும். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டபடி உட்கார்ந்தால், அந்த அரை மணி நேரத்தைக் கடைப்பக்கம் போகாமல் கடக்கலாம்.

கேட்டுக் கேட்டு அலுத்தவை

“மனசு வெச்சா போதும், மருந்து எதுக்கு?” மன உறுதியால் வலிப்பை நிறுத்த முடியாது. முதல் வாரம் மருத்துவர் கண்காணிப்பில்தான் கழிய வேண்டும்.

“கபாலபாதி செஞ்சா ஈரல் சுத்தமாகும்.” ஆகாது. வலிப்பு வந்தவர், ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர், ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர் ஆகியோருக்கு வேகமாக மூச்சடிக்கும் பயிற்சி ஆபத்து.

“குளுக்கோஸ் ஏத்துனா தெளிஞ்சிடுவார்.” வைட்டமின் பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், சத்தில்லாமல் கிடந்த மூளை மேலும் கெட்டு, ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடலாம்.

சாம்பாரில் ரகசியமாகக் கலக்கும் ‘குடி மறக்கும் பொடி’ பற்றிப் பேச எனக்குப் பொறுமையே இல்லை. பல பொடிகளில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. டைசல்ஃபிராம் மாத்திரையைத் தூள் செய்து கணவருக்குத் தெரியாமல் கொடுப்பவர்களும் உண்டு. அது தெரியாமல் அவர் குடித்தால் முகம் சிவந்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிரே போகலாம். கணவரைக் காப்பாற்ற நினைத்த பெண்ணுக்கு இப்படியொரு தண்டனை வரலாமா?

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களின் கதை வேறு. “யோகா ஆரம்பிச்சாச்சு, மாத்திரையை நிறுத்திட்டோம்” என்று சொல்லிவிட்டு, ஒன்றிரண்டு மாதத்தில் நோய் முற்றிய நிலையில் அழைத்துவருகிறார்கள். லித்தியம் சாப்பிடுபவரை உப்பில்லாப் பத்தியத்திலும் உண்ணாநோன்பிலும் வைக்கும் முகாம்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. உப்பும் நீரும் குறைந்தால் அந்த மருந்து ரத்தத்தில் ஏறி விஷமாகிவிடும். காதில் குரல் கேட்பவர்களுக்கு நாள்கணக்கான மௌனத் தியானமும் வேண்டாம். அது நோயைக் கிளறிவிடலாம்.

மனநோய் தீர குணசீலம் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு போகிறவர்களை நான் தடுப்பதில்லை. மாத்திரையையும் எடுத்துப்போங்கள் என்கிறேன். ஆனால் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி இறந்தார்கள். 2017 மனநலச் சட்டப்படி சங்கிலியால் கட்டுவது குற்றம். ‘மறுவாழ்வு மையம்’ என்ற பெயரில் பூட்டி வைத்து அடிக்கும் இடங்களில் காலையில் யோகா நடக்கிறது என்பதற்காக அது சிகிச்சை ஆகிவிடாது.

எதைச் செய்யலாம்

நாடிசுத்தி, பிராமரி, எளிய ஆசனங்கள், சவாசனம், யோக நித்திரை இவை போதும். காலை அரை மணி, மாலை பத்து நிமிடம். நோயை முழுதாகச் சொல்லி, பயிற்சி பெற்றவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்; வீடியோ பார்த்து வேண்டாம். ஆரம்பிக்கும் முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈரல் பரிசோதனை பார்த்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள்

மாலை போடுங்கள், கயிறு கட்டுங்கள், யோகா வகுப்பிலும் சேருங்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் சேலம் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ வந்து மனநலப் பிரிவைக் கேளுங்கள், தயவுசெய்து. மருந்துக்கடைக்காரர்களே, நடுக்கத்தோடு வருபவருக்குச் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள். ரிக், லாரி உரிமையாளர்களே, குடியை நிறுத்தப்போகிறேன் என்கிற ஆளுக்குப் பத்து நாள் லீவு கொடுங்கள். அந்தப் பத்து நாளில் அவரை வண்டியில் ஏற்றாதீர்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவிக்கிற வீட்டுப் பெண்களே, 14416 மனநல ஆலோசனைக்கான இலவச எண். எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். வலிப்போ பிதற்றலோ கண்டால் 108-ஐ உடனே அழையுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.