கோட்டாவில் சேர்ந்தவர் எங்கே படிக்கிறார்?

எம்.பி.பி.எஸ். முடித்துக் கிராமத்துக்குப் போகும் மருத்துவர்களைப் பற்றித்தான் வழக்கமாகப் பேசுகிறோம். உண்மையான பள்ளம் அதற்கு ஒரு படி மேலே இருக்கிறது. ஒன்றிய அரசின் 2021-22 ஊரக சுகாதாரப் புள்ளிவிவரத்தின்படி, நாட்டின் கிராமப்புறச் சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவையான சிறப்பு மருத்துவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் இல்லை. அறுவை சிகிச்சை நிபுணர்களில் 83 சதவீதம், மகப்பேறு நிபுணர்களில் 74 சதவீதம் பற்றாக்குறை. ரத்தப்போக்கோடு 108 வண்டியில் வந்து இறங்கும் கர்ப்பிணியை நினைத்துப் பாருங்கள். மகப்பேறு மருத்துவர் பணியில் இருக்கிறார், தியேட்டரும் தயார். மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லை. அவ்வளவுதான், சிசேரியன் கிடையாது. ரெஃபர் சீட்டு எழுதி, வந்த வண்டியிலேயே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு 18 வாரம் மயக்கவியல் பயிற்சி கொடுத்துச் சமாளிக்கும் திட்டம் ஒன்றை ஒன்றிய அரசு கொண்டுவந்ததே இந்த நெருக்கடியால்தான்.

தமிழ்நாடு இதற்குக் கண்ட வழி சர்வீஸ் கோட்டா. ஆரம்ப சுகாதார நிலையங்களில் சில ஆண்டுகள் பணியாற்றிய அரசு மருத்துவர்களுக்கு, அரசுக் கல்லூரிகளின் மாநில ஒதுக்கீட்டு முதுநிலை (பிஜி) இடங்களில் பாதியைத் தருவது. படித்தவர் மீண்டும் அரசுப் பணிக்கே திரும்புவார். உத்தரப்பிரதேச வழக்கொன்றில் 2016-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, முதுநிலைப் பட்டப்படிப்பில் இந்த ஒதுக்கீட்டுக்கு இடமில்லை, தொலைதூர, கடினமான பகுதிகளில் பணிபுரிந்தவர்களுக்கு ஊக்க மதிப்பெண் மட்டுமே தரலாம் என்றது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடர்ந்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று ஒதுக்கீடு தரும் உரிமையை மாநிலங்களுக்கு மீட்டுத் தந்தது. கூடவே, இப்படிப் படித்தவர்கள் கிராமம், மலை, பழங்குடிப் பகுதிகளில் ஐந்தாண்டாவது பணியாற்றப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னது. பலன் என்ன? தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தது 2001-03 கணக்கு. 2018-20-இல் அது 54, இந்தியாவுக்கு 97. இந்த இறக்கத்தைக் கோட்டாவின் கணக்கில் மட்டும் எழுதுவது அநியாயம். செவிலியர்கள், 108 வண்டி, ரத்த வங்கி, 24 மணி நேர சீமாங் (முழுமையான அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு) மையங்கள் எல்லாம் சேர்ந்துதான் இதைச் செய்தன. ஆனால் அந்த சீமாங் மையங்களில் இரவுப் பணி பார்க்கும் நிபுணர்களில் பலர் இந்த வழியாக வந்தவர்கள்.

தகுதி போய்விடும் என்பது பழைய எதிர்ப்பு. வேலை எதுவும் பார்க்காமல் ஓராண்டு, ஈராண்டு கோச்சிங்கில் உட்கார்ந்து படித்தவரும், புறநோயாளிகளைப் பார்த்துவிட்டு இரவில் புத்தகம் திறந்தவரும் ஒரே நீட் தாளை எழுதுகிறார்கள். சர்வீஸ் மருத்துவரும் அதில் தேர்ச்சி மதிப்பெண் பெற்றே ஆக வேண்டும். மேலும், 2023-இல் இடங்கள் நிரம்பவில்லை என்றதும் நீட் பிஜி தகுதி வரம்பைப் பூஜ்ஜியம் பெர்சன்டைலுக்கே இறக்கினார்கள். அன்று தகுதியைக் காக்க நீதிமன்றம் ஏறியவர்கள் அதிகமில்லை.

எனக்குள்ள குறை வேறு. கோட்டா யாரை உள்ளே விடுவது என்பதைச் சரிசெய்தது. உள்ளே போனவர் மூன்றாண்டுகள் எங்கே, எதைப் பார்த்துப் படிக்கிறார் என்பதைத் தொடவே இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பக்கத்து அறையில் ஸ்கேன் இருக்கும், மாடியில் ரத்த வங்கி இருக்கும், போன் அடித்தால் பேராசிரியர் வருவார். அந்தச் சூழலிலேயே கை பழகியவரைத் தாலுகா மருத்துவமனையில் தனியாக நிறுத்தினால், செய்யத் தெரிந்த சிகிச்சையையும் செய்யத் தயங்குவார். ரெஃபர் எழுதுவதே பத்திரம் என்று படும். பத்திரமும் அபராதமும் ஆளை அங்கே நிறுத்தலாம், துணிச்சலைத் தராது. 2020-இல் அறிவிக்கப்பட்ட மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டம் இதை உணர்ந்துதான் வந்தது. ஆனால் 36 மாதங்களில் மாவட்ட மருத்துவமனையில் அது கேட்பது மூன்றே மாதம், சுற்றுலா போய்வருகிற மாதிரி. வேறு வழியும் உண்டு. ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் 1972-இல் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, படித்ததும் ஒன்பதாண்டுகள் சொந்த மாகாணத்திலேயே பணியாற்ற வைக்கிறது; அதில் ஏறக்குறைய பாதி கிராமங்களில். அது இளநிலைப் படிப்புதான். ஆனால் அந்த ஒன்பதாண்டுகளில்தான் அங்கே படித்தவர் முழு மருத்துவராக உருவாகிறார், பெரிய ஆஸ்பத்திரியிலும் சிற்றூர் மருத்துவமனையிலும் மாறிமாறிக் கற்றுக்கொண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் மற்றவர்களைவிட இவர்களே அதிகமாகக் கிராமங்களில் தங்குகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஊழியர்களைக் கிராமங்களில் தக்கவைப்பது பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் 2010 பரிந்துரைகளும், கிராமத்துப் பின்னணியுள்ள மாணவர்களைச் சேர்ப்பதையும் நகரத்துக்கு வெளியே பயிற்சி தருவதையும் சேர்த்தே சொல்கின்றன.

பிஜி பயிற்சியின் பெரும்பகுதியைக் கல்லூரிக்கு வெளியே நடத்தலாம் என்றால், மாவட்ட மருத்துவமனையில் அரிய நோய்கள் வராது, படிப்பின் தரம் குறையும் என்பார்கள். பாதி உண்மை. அரிதானவற்றைக் கற்கக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும்; ஒரு வருடம் முழுக்க அங்கே இருக்கட்டும். ஆனால் பாம்பு கடித்தவர், வலிப்போடு வரும் கர்ப்பிணி, எடை குறைந்து பிறந்த சிசு ஆகியோரை முதல் அரைமணி நேரத்தில் பார்க்கிற வாய்ப்பு வெளியேதான் கிடைக்கும். கல்லூரிக்கு அவர்கள் வந்து சேரும்போது பாதிக் கதை முடிந்திருக்கும். தேசியத் தேர்வு வாரியம் 2020-இல் மயக்கவியல், மகப்பேறு, குழந்தை மருத்துவம் உள்ளிட்ட எட்டுத் துறைகளில் ஈராண்டு டிப்ளமோ தொடங்கியதும், மருத்துவக் கல்லூரிக்கு வெளியேயுள்ள மருத்துவமனைகளிலும் நிபுணர்களை உருவாக்கலாம் என்ற நம்பிக்கையில்தான். ஒரு சிசேரியனுக்கு வேண்டிய மூவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

காலிப் பணியிடங்களை மாணவர்களை வைத்து மலிவாக நிரப்பிவிடுவார்கள் என்ற அச்சம்தான் என்னைத் தயங்க வைக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளே பிஜி மாணவர்களின் தூக்கத்தில்தான் ஓடுகின்றன என்பது ஊரறிந்த விஷயம். அந்தப் பழக்கம் தாலுகாவுக்கும் பரவும். ஆகவே விதியை இப்படி எழுத வேண்டும்: மாணவரின் துறையில் நிரந்தர நிபுணர் ஒருவர் பணியில் இல்லாத மருத்துவமனைக்கு மாணவர் அனுப்பப்படக் கூடாது; அந்த நிபுணருக்குக் கல்லூரி ஆசிரியருக்குரிய படியும் பதவியும் தர வேண்டும். மாணவர் வேண்டுமென்றால் மாவட்ட நிர்வாகம் முதலில் அந்த நாற்காலியை நிரப்பட்டும்.