பாதி மசாலா, ஒரு முட்டை

1958-இல் இரண்டு சம்பவங்கள். ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ உடனடி நூடுல்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குன்னூரில் 1918-இல் பிறந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

நாளுக்கு 5 கிராம் உப்புக்கு மேல் கூடாது என்கிறது நிறுவனம். அதே ஊரின் அமீர்பேட் விடுதிகளிலோ, மெஸ் மூடிய பிறகு கோச்சிங் மாணவர்களுக்கு நூடுல்ஸே துணை. வயிறு நிறையும், உள்ளே போவது பெரும்பாலும் மைதாவும் உப்பும்.

பரிகாரம் சுலபம், செலவும் சொற்பம். மசாலா பொட்டலத்தில் பாதி போதும். நீர் கொதிக்கும்போதே துருவிய கேரட், ஒரு பிடி பாலக்கீரை. கடைசியில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் சுமார் 6 கிராம் புரதம். முட்டை சாப்பிடாதவர்களுக்கு வறுத்த வேர்க்கடலை. இறக்கியதும் எலுமிச்சை பிழிந்தால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரியாது. இரண்டு நிமிடம் ஐந்தாகும், அவ்வளவுதான்.