பழைய சிறு டிராக்டரும் அதன் தூக்குக் கருவியும்

கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து என்பது பெட்டியிலுள்ள பணம் மட்டுமன்று. கொட்டகையில் நிற்கும் இயந்திரமும் சொத்தேயாகும். பணத்தைக் காப்பதில் காட்டும் கவலையில் பாதியையேனும் இயந்திரத்தைக் காப்பதில் நாம் காட்டுகிறோமா என்பதை அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டும்.

மதுரைக்கு வடமேற்கே, வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கு நடுவிலுள்ள ஒரு சங்கத்திற்கு ஆய்வுக்காக நாம் சென்றிருந்தோம். தோப்பு உழவுக்கு வாடகைக்கு விடுவதற்கென வாங்கிய சிறு டிராக்டர் ஒன்று இரண்டு பருவங்களாகக் கொட்டகையில் முடங்கிக் கிடந்தது. எஞ்சின் நன்றாகவே ஓடிற்று. கலப்பையைத் தூக்கவில்லை என்பதொன்றே குறை. தேய்மானம் போகப் புத்தக மதிப்பு சொற்பமே ஆகையால், பழைய இரும்பு விலைக்கு ஏலம் விடத் தீர்மானம் தயாராகியிருந்தது. அங்கத்தினர்களோ வெளியாரிடம் கூடுதல் வாடகை கொடுத்து உழுது வந்தனர். ஏலத்தை நிறுத்தி வைத்துத் திறந்து பார்த்தபோது, கெட்டிருந்தவை ஒரு ரப்பர் வளையமும், அடைத்துப்போன ஆயில் வடிகட்டியுமே. ஜக்கார்டு பெட்டி தூக்கவில்லை என்பதற்காக எந்த நெசவாளரும் தறியை விறகுக்கு விற்பதில்லை. டிராக்டருக்கும் நியாயம் அதுவே.

தூக்குக் கருவி வேலை செய்யும் முறையை அறிந்தால் பாதிப் பயம் நீங்கும். அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்கூசன் என்பவர் 1926இல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டிலிருந்து வளர்ந்ததே இன்றைய முறை. அதற்கு முன், டிராக்டருக்குப் பின்னால் கலப்பையைச் சும்மா பூட்டி இழுத்தார்கள். கொழு கல்லிலோ வேரிலோ மாட்டினால் முன்சக்கரம் எழும்பி வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் உயிரிழப்பதுண்டு. பெர்கூசன், கீழே இரண்டு கைகளும் மேலே ஒரு தண்டுமாக மூன்று இடங்களில் கலப்பையைப் பிணைத்தார். கொழு தடைப்பட்டால் மேல்தண்டு, அதாவது டாப் லிங்க், முன்னோக்கி அழுத்தப்பட்டு முன்சக்கரத்தை நிலத்தில் இருத்துகிறது. அதே அழுத்தம் ஆயில் வால்வையும் அசைத்துக் கலப்பையின் ஆழத்தைச் சீர்செய்கிறது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பெர்கூசன் டிஇ 20 டிராக்டர்கள் இம்முறையில் செய்யப்பட்டன. 1960இல் சென்னையில் தொடங்கிய டாபே நிறுவனம், மாசி பெர்கூசன் கூட்டுறவோடு இம்முறையை நம் வயல்களுக்குக் கொணர்ந்தது.

எஞ்சின் சுற்றும் பம்பு ஆயிலை அழுத்தி ஒரு சிலிண்டருக்குள் செலுத்துகிறது. அங்குள்ள பிஸ்டன் தூக்குக் கைகளை உயர்த்துகிறது. இவ்வளவே விஷயம். ஆகவே நோயை அறிகுறியால் பிரித்தறியலாம். அறவே தூக்காவிடில் முதலில் ஆயில் மட்டத்தையும், வடிகட்டியையும், பம்பு சுற்றுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டிஇ 20 வகையில் பி.டி.ஓ. நெம்புகோலைப் போட்டாலன்றிப் பம்பு சுற்றாது. குளிர்ந்திருக்கையில் தூக்கி, சூடேறியபின் தளர்ந்தால் பம்பு தேய்ந்திருக்கக் கூடும். நடுங்கி நடுங்கித் தூக்கினால் ஆயில் குறைவோ, காற்றுப் புகுதலோ காரணம். தூக்கிய கலப்பை எஞ்சினை நிறுத்தியதும் இறங்கினால் சிலிண்டர் வளையத்திலோ வால்விலோ கசிவு உண்டு. ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பல பழைய டிராக்டர்களில் கியருக்கும் தூக்குக்கும் ஒரே ஆயில்தான். கியரின் இரும்புத்தூள் வடிகட்டியை அடைப்பது அதனால்தான்.

அடுத்தது, கருவியைப் பொருத்துவது. இங்கேதான் நம் சங்கங்கள் தவறு செய்கின்றன. இணைப்புகளுக்கு உலகெங்கும் ஒத்துக்கொண்ட வகைகள் உள்ளன. சுமார் 20 குதிரைத்திறன் வரையுள்ள சிறு டிராக்டருக்கு ‘வகை 0’. அதில் பின்கள் யாவும் 16 மில்லிமீட்டர். 20 முதல் 45 குதிரைத்திறன் வரை ‘வகை 1’. மேல் பின் 19, கீழ்ப் பின் 22. அதற்கும் மேல் ‘வகை 2’; மேல் பின் 25, கீழ்ப் பின் 28 என்ற அளவு. சிறிய பின்னுள்ள கருவியைப் பெரிய துளையுள்ள டிராக்டரில் மாட்டுவது எளிது. எஃகுக் குழல் புஷ் ஒன்று போதும். பெரிய பின்னுக்காகச் சிறு டிராக்டரின் கைத்துளையைக் குடைந்து பெரிதாக்குவது மட்டும் கூடாது. சுற்றியுள்ள இரும்பு மெலிந்து பாரத்தில் பிளந்துவிடும். கருவியின் பின்னைக் கழற்றி, மதுரையின் லேத் பட்டறைகளில் சரியான அளவில் வேறு பின் கடைந்துகொள்வதே முறை. ஒன்றை மறவாதீர்கள்: பின் பொருந்திவிட்டதால் பாரமும் பொருந்திவிட்டதென்று ஆகாது. பெரிய டிராக்டரின் ஒன்பது கொத்துக் கலப்பையைச் சிறியதில் மாட்டினால், தூக்கியவுடன் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடிக்காது. சிறியதற்கு ஐந்து கொத்தே தகும்.

உயிர் பற்றிய எச்சரிக்கைகள் மூன்று. தூக்கி நிற்கும் கலப்பையின் கீழ் எவரும் புகலாகாது. எதையும் திறக்குமுன் கலப்பையைத் தரையில் இறக்கிவிட வேண்டும். கசிவை விரலால் தடவிப் பார்க்கலாகாது, அழுத்தத்தில் பீச்சும் ஆயில் தோலைத் துளைக்கும். அட்டையைப் பிடித்துப் பாருங்கள். டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டித் தென்னைமரம் இழுக்கலாகாது. பெர்கூசன் தடுத்த அதே கவிழ்ப்பை நாமே வரவழைப்பதாகும்.

சங்க நிர்வாகிகளுக்கும் கடமையுண்டு. பழுதின் விவரத்தை எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று பட்டறைகளில் விலைப்புள்ளி கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பப் பெற்று இருப்புப் பதிவேட்டில் சேருங்கள். பணம் கொடுக்குமுன் கலப்பையைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, உயரத்தைச் சுண்ணாம்பால் குறித்து, அரைமணி கழித்து அளந்து பாருங்கள். எஞ்சினும் கியரும் சேர்ந்து போய்விட்ட வண்டியை, அல்லது உதிரிபாகம் கிடைக்காத வண்டியை, விற்பதே நன்று. அதில் பணத்தைக் கொட்டுவது வீண். ஆனால் அம்முடிவைத் திறந்து பார்த்த பின்பே எடுக்க வேண்டும்.

மேற்சொன்ன டிராக்டர் அடுத்த பருவத்தில் தோப்புக்குள் இறங்கிற்று. புத்தகத்தில் அதன் மதிப்பு ஏறவில்லை. அங்கத்தினர்களின் வாடகைச் செலவு மட்டும் குறைந்தது. சங்கம் இருப்பது அதற்காகத்தானே.