இறக்கைக்கு அடியில் ஒரு புல்லுக்கட்டு

ஆடிக் காற்றில் குரங்கணி மலைப்பாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும். 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு மலைமேலுள்ள சென்ட்ரல் என்ற ஊருக்கு ஏறுபவர் மூச்சு வாங்குவார். ஆனால் தள்ளாட மாட்டார். அதில் பாதி எடைகூட இல்லாத புல்லுக்கட்டுடன் இறங்கி வருபவரைத்தான் வளைவுக்கு வளைவு காற்று பிடித்துத் தள்ளும். கட்டை இரு கையாலும் அமுக்கிக்கொண்டு, ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். சுமை எவ்வளவு கனம் என்று காற்று பார்ப்பதில்லை; எவ்வளவு இடத்தை அடைக்கிறது, என்ன வடிவத்தில் அடைக்கிறது என்றுதான் பார்க்கிறது.

போர் விமானத்தின் பாடும் இதுதான்.

கோவை சூலூர் விமானதளத்தில் இருக்கும் தேஜஸை எடுத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்டில் கோவா கடற்கரைக்கு அப்பால் தேஜஸிலிருந்து ஏவிச் சோதிக்கப்பட்ட அஸ்திரா ஏவுகணையின் எடை 154 கிலோ. தன் எடையையும் சேர்த்து 13 டன்னுக்கு மேல் தூக்கிக்கொண்டு எழும்பும் விமானத்துக்கு அது ஒரு பாரமா? எடையில் இல்லை. ஆனால் ஏவுகணையோடு அதன் துடுப்புகள், அதைத் தாங்கும் பைலான், ஏவுசட்டம் எல்லாமே காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வேகம் இரட்டிப்பானால் காற்றின் இழுப்பு நான்கு மடங்காகும். இதிலே இன்னொரு வம்பும் உண்டு. இறக்கைக்கும் ஏவுகணைக்கும் நடுவே உள்ள சந்தில் நெருக்கிப் புகும் காற்று வேகமெடுக்கிறது. விமானம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது, அந்தச் சந்துக் காற்று முன்கூட்டியே ஒலியை முந்தி அதிர்வலையை எழுப்பிவிடும். அதனால் இறக்கையின் இழுப்பையும் ஏவுகணையின் இழுப்பையும் தனித்தனியே அளந்து கூட்டினால் வருவதைவிட, சேர்ந்திருக்கும்போது வரும் இழுப்பு அதிகம்.

இதற்காகவே அமெரிக்க விமானிகளின் கையேட்டில் ஒவ்வொரு ஏவுகணைக்கும், குண்டுக்கும், எரிபொருள் தொட்டிக்கும் ஓர் இழுவை எண் உண்டு. தொங்குவதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் எவ்வளவு தூரம் போகலாம் என்று முடிவு செய்வார்கள். விளம்பரத் தாளில் அச்சாகும் அதிகபட்ச வேகம் பெரும்பாலும் வெறும் இறக்கையோடு பறக்கும் வேகம். சண்டைக்குப் போகிற விமானம் அப்படிப் போவதில்லை.

இழுப்பைக் குறைக்க ஏவுகணைகளை ஒளித்துவைக்கவும் பார்த்தார்கள். பழைய ஃபான்டம் விமானம் நான்கு ஏவுகணைகளை வயிற்றில் பாதி புதைத்து வைத்துக்கொண்டது. எஃப்-22 முழுவதையும் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறது. ரேடார் கண்ணிலிருந்து தப்பவும் அது உதவும். பெங்களூரில் வடிவமைக்கப்படும் ஆம்கா விமானத்துக்கும் அப்படியோர் அறை உண்டு. ஆனால் அறைக்குள் அடங்குவதைத்தான் கொண்டுபோக முடியும்.

பிரம்மோஸ் ஏவுகணை அடங்காது. சுமார் எட்டு மீட்டர் நீளம், இரண்டரை டன் எடை. 2020 ஜனவரி 20 அன்று தஞ்சாவூரில் பணியில் சேர்க்கப்பட்ட 222-ஆவது படைப்பிரிவின் சுகோய்-30 விமானங்கள் அதை வயிற்றுக்கடியில் நடுவாக, ஒன்றே ஒன்றுதான் சுமக்கின்றன. ஒருபக்க இறக்கையில் தொங்கவிட்டால் விமானம் சாய்ந்துகொண்டே போகும். ஏவுகணை கழன்று விழுந்ததும் விமானம் இரண்டரை டன் இலேசாகிவிடுகிறது. ஆனால் அதைத் தாங்கிய சட்டம் அடியிலேயே நிற்கும்; தஞ்சைக்குத் திரும்பும் வழியெல்லாம் அதற்கும் எரிபொருள் செலவாகும்.